மூன்று பேர் என்று எழுதிய வீடு

குணாளன் ஒரு வீட்டுக்கு மருந்தடிக்கப் போனால் முதலில் ஆள் எண்ணுவார். பூச்சியை அப்புறம்தான் பார்ப்பார். "வீட்ல எத்தன பேரு?" என்று கேட்டு, சொன்ன எண்ணிக்கையைத் தாளில் எழுதிக்கொண்டு, பிறகு அத்தனை பேரையும் வாசலில் நிறுத்தி விரல் நீட்டி ஒன்று, இரண்டு என்று எண்ணுவார். ஆளை விரல் நீட்டி எண்ணினால் ஆயுசு குறையும் என்று நம்புகிற வீடுகள் பினாங்கு ஜார்ஜ் டவுனில் இன்னும் இருக்கின்றன. அந்த வீட்டுப் பெரியவர்கள் முகத்தைச் சுளிப்பார்கள். குணாளன் கண்டுகொள்ளமாட்டார். வேலைக்காரப் பெண் இருக்கிறாளா, மாடியில் யாராவது வாடகைக்குத் தங்கியிருக்கிறார்களா, இரவு ஷிஃப்ட் முடித்துவிட்டுத் தூங்குகிறவர் உண்டா என்று போலீஸ்காரர் மாதிரி குடைவார்.

அதோடு விட்டாலும் பரவாயில்லை. எல்லாரும் வெளியே போன பிறகு ஒவ்வொரு அறைக் கதவையும் மூன்று முறை தட்டி, "உள்ள யாராச்சும் இருக்கீங்களா?" என்று உரக்கக் கேட்டு, ஒரு நிமிடம் முழுதாகக் காத்திருப்பார். கதவு விரியத் திறந்து கிடந்தாலும் தட்டுவார். ஒரு தடவை துணி அலமாரியைத் தட்டிக் கேட்டதாகக்கூட ஒரு பேச்சு உண்டு. அவரைத் தெரிந்தவர்கள் யாரும் அதைப் பொய் என்று சொல்லமாட்டார்கள். கம்பெனியில் அவருக்கு 'சென்சஸ் அண்ணே' என்று பெயர் வைத்திருந்தார்கள். பெயர் வைத்தவர்களுக்குச் சிரிப்பு. அவருக்கு இல்லை.

இந்த மனிதர் ஏன் இப்படி ஆனார் என்பது பதினெட்டு வருடமாக அவர் ஒருவருக்கு மட்டும் தெரிந்த கதை. மனைவி சாந்தினிக்கும் தெரியாது. ஒரு வீட்டில் ஒரு பச்சைக்குழந்தையைத் தன் கையால் கொன்றுவிட்டோமோ என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். கொன்றுவிட்டோம் என்று தெரிந்தால் அழுது தீர்க்கலாம். கொல்லவில்லை என்று தெரிந்தால் தூங்கலாம். இரண்டும் தெரியாமல் ஒரு மனிதன் பதினெட்டு வருடம் சோறு தின்று, வேன் ஓட்டி, மகளைப் பள்ளிக்கூடம் அனுப்பி வாழ்வது எப்படி என்று கேட்டால், வாழலாம். குணாளன் வாழ்ந்தார்.

நிபோங் திபால் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவர். படிப்பு முடிந்ததும் புக்கிட் தெங்காவில் ஒரு தொழிற்சாலையில் ஒன்பது வருடம் நின்றுகொண்டே வேலை பார்த்தார். தொழிற்சாலை ஒரு நாள் மூடிக்கொண்டது. யாரோ கைகாட்ட, பாலம் தாண்டிப் பினாங்குத் தீவுக்கு வந்து பூச்சி மருந்துக் கம்பெனியில் சேர்ந்தார். அங்கே அவருக்குக் கூட்டாளி ஸுல்கிஃப்லி. பினாங்குத் தமிழ் முஸ்லிம், அவர் வயதுக்காரர். கரையான், எலி, கரப்பான் எதுவானாலும் ஸுல்கிஃப்லி கை வைப்பார். எட்டுக்கால் பூச்சியை மட்டும் தொடமாட்டார். நபிகளைக் குகை வாசலில் வலை பின்னிக் காப்பாற்றிய பிராணியை நான் எப்படிக் கொல்வேன் என்று சொல்லிவிடுவார். அதனால் தீவில் எந்த மூலையிலிருந்து சிலந்தி என்று போன் வந்தாலும் அது குணாளன் தலையில்தான் விழும்.

சிலந்தி வேலையில் ஜனங்கள் எதிர்பார்ப்பது ஒன்று, நடப்பது வேறொன்று. மருந்தை அடித்ததும் பொத்துப் பொத்தென்று விழும் என்று நாற்காலி போட்டுப் பார்க்கத் தயாராக இருப்பார்கள். கரப்பான் மருந்தில் நடந்து, தன் காலைத் தானே நக்கிச் சாகும். சிலந்தி நக்காது. கால் நுனியில் நடந்து மருந்தைத் தாண்டிப் போய்விடும். ஆகவே பாதி வேலை ஒட்டடைக் கம்பில் இருக்கிறது. முதலில் டார்ச் அடித்து மாடிப்படிக்கு அடியில், கூரை மூலையில், ஜன்னல் சட்டத்தில், செருப்பு அலமாரிக்குப் பின்னால் என்று ஒரு மணி நேரம் பார்ப்பது. பிறகு வலையைக் கலைப்பது. பஞ்சு உருண்டை மாதிரித் தொங்கும் முட்டைப் பைக்குள் எந்த மருந்தும் இறங்காது. அதை வேக்குவம் வைத்து உறிஞ்ச வேண்டும். கடைசியில்தான் இண்டு இடுக்குகளில் மருந்து. கண்ணுக்குத் தப்பிய முட்டை எப்படியும் பொரிக்கும் என்பதால் பதினான்காம் நாள் ஒரு தடவை திரும்ப வருவது.

"நாலு மணி நேரம் உள்ள வரக்கூடாதும்மா," என்று ஒப்பிப்பார். "மீன் தொட்டிய மூடிருங்க. சாமி மேடைல பால் பழம் இருந்தா எடுத்துருங்க. ரெண்டு வாரத்துக்கு சுவரோரம் மோப் போடாதீங்க, மருந்து போயிரும். மொத ரெண்டு மூணு நாளு முன்னவிட ஜாஸ்தியா வெளிய வரும், தள்ளாடிக்கிட்டு நடக்கும். பயந்துபோயி போன் அடிக்காதீங்க லா. வாசல் லைட்ட ராத்திரி அணைச்சு வைங்க. லைட்டுக்குப் பூச்சி வரும், பூச்சிக்கு இது வரும்."

இத்தனையும் சொல்லி முடித்த பிறகு வீட்டுக்காரர்கள் வெளியே போவார்கள், அவர் உள்ளே போவார். அடுத்தவர் வீட்டில் தனியாக நிற்கிற தொழில் அது. சாமி படமும் ஈரத் துண்டும் பாதி குடித்த காப்பியும் இருக்கும், ஆள் இருக்கமாட்டார்கள். அந்த மௌனத்தில் அவருக்கு ஒரு சத்தம் கேட்கும். எந்த வீடானாலும் கேட்கும். பம்ப்பைக் கீழே வைத்துவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பார். எதுவும் இருக்காது. மறுபடி கையில் எடுத்தால் மறுபடி கேட்கும்.

அந்த வீடு குயின் ஸ்திரீட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தது. ரயில் பெட்டி போல நீண்டு இருட்டிக் கிடக்கும் பழைய மாடி வீடு. நடுவில் வானம் பார்த்த முற்றம், அதைத் தாண்டிச் சமையல்கட்டு, சமையல்கட்டை ஒட்டி ஒரு சின்ன அறை. அந்த அறையின் பலகை ஜன்னல் முற்றத்தைப் பார்த்து இருந்தது. வீட்டுக்கார அம்மாள் பெயர் நவமணி. கணவர் மார்க்கெட் ஸ்திரீட்டில் துணிக்கடை வைத்திருந்தார். அடுத்த வாரம் சின்ன மகளுக்கு நிச்சயதார்த்தம், மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள், மச்சு முழுக்க ஒட்டடை, அதனால் கூப்பிட்டிருந்தார்கள்.

"மொத்தம் மூணு பேருதான் தம்பி," என்றார் நவமணி. "மூணு பேரும் வெளிய வந்துட்டோம். எதிர்க் காப்பிக் கடைலதான் இருப்போம்."

குணாளனுக்கு அப்போது முப்பத்தைந்து வயது. வேலையில் சேர்ந்து இரண்டு வருடம். பதினொரு மணிக்கு ஆயர் ஈத்தாமில் இன்னொரு வீடு காத்திருந்தது. மூன்று என்று எழுதிக்கொண்டு உள்ளே போனார். மாடியை முடித்தார், கூடத்தை முடித்தார், முற்றத்துக்கு வந்தார். அங்கேதான் அந்த வாசனை வந்தது. வதக்கிய பூண்டும் நல்லெண்ணெயும் பெருங்காயமும் சாம்பிராணியும் கலந்த வாசனை. அவருக்கு அது என்னவென்று தெரியாமல் இல்லை. சாந்தினிக்குப் பிரசவமாகி இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. அவர் சட்டையிலேயே அந்த வாசனை இருந்தது.

சட்டப்படி ஜன்னல் பலகையை ஒரு தட்டு தட்டி, "உள்ள யாராச்சும் இருக்கீங்களா?" என்று கேட்டார். உள்ளேயிருந்து ஒரு சத்தம் வந்தது. அது என்ன சத்தம் என்பதை அவர் பிற்பாடு தனக்குள்கூடச் சொல்லிப் பார்த்ததில்லை. பக்கத்து வீட்டு ரேடியோ என்று அன்றைக்கு முடிவு செய்தார். வரிசை வீடுகளில் சுவருக்குச் சுவர் சத்தம் தாண்டும், அதிலொன்றும் அதிசயமில்லை. ஜன்னல் பலகைக்கிடையே குழாய் முனையை நுழைத்து விசையை அழுத்தினார். நன்றாகவே அழுத்தினார்.

முடித்துவிட்டு நிமிர்ந்தபோது முற்றத்து மூலையில் கட்டியிருந்த கொடியைப் பார்த்தார். சின்னச் சின்ன வெள்ளைத் துணிகள், எட்டோ ஒன்பதோ, மடித்துக் காயப்போட்டிருந்தன. தன் வீட்டுக் கொடியிலும் அதே அளவில் அப்படித்தான் காய்ந்தது. அறைக் கதவு மூன்றடி தூரத்தில் இருந்தது. போய்த் தள்ளிப் பார்த்திருக்கலாம். குணாளன் போகவில்லை. வாசல் வழியாக வெளியே ஓடி, காப்பிக் கடையில் உட்கார்ந்திருந்த நவமணியிடம் கேட்டார்.

"பின்னாடி ரூம்ல யாராச்சும் இருக்காங்களாம்மா?"

"அது சாமான் ரூம் தம்பி. யாரும் இல்ல."

கணவர் தேத்தண்ணிக் குவளையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சின்ன மகள் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். குணாளன் தாளை நீட்டினார். நவமணி 'மூன்று பேர், மூவரும் வெளியேறினர்' என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டார். குணாளன் வேனில் ஏறி ஆயர் ஈத்தாமுக்குப் போய்விட்டார்.

போகிற வழியிலேயே அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. பிள்ளை பெற்றவள் முப்பது நாள் வாசல் தாண்டக் கூடாது. பந்தாங் என்று மலாய்ப் பெயர் சொல்லி இந்த ஊரில் எல்லா இனத்தாரும் அதைக் காப்பார்கள். மருந்துக் கம்பெனியோ நாலு மணி நேரம் எல்லாரும் வெளியே போ என்கிறது. இரண்டுக்கும் நடுவில் அந்த அம்மாள் ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறாள்: பிள்ளை பெற்றவளை எண்ணிக்கையிலேயே சேர்க்காமல் விட்டுவிடுவது. வாசலில் காற்று படக் கூடாதாம், அறைக்குள் விஷம் வரலாமாம்! சாஸ்திரம் பேசுகிறவர்களை என்ன சொல்ல? ஆனால் நவமணியைத் திட்டித் தப்பிக்க குணாளனுக்கு வழியில்லை. விசையை அழுத்தியது நவமணியின் விரல் அல்ல.

பதினான்காம் நாளுக்காகக் காத்திருந்தார். அன்று போய் எப்படியாவது பின்னறையைப் பார்த்துவிட வேண்டும் என்றிருந்தார். பதின்மூன்றாம் நாள் அந்த வீட்டிலிருந்து போன் வந்தது. இரண்டாம் தடவை வரவேண்டாம் என்றார்கள். காரணம் சொல்லவில்லை. புகாரும் சொல்லவில்லை. புகார் வந்திருந்தால் அவர் பிழைத்திருப்பார். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்று சும்மாவா சொன்னார்கள்? வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போகிற சாக்கில் ஒரு வருடம் அந்தச் சந்தில் நடந்து பார்த்தார். வாசலில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு யாரும் நிற்கவில்லை. கொஞ்ச காலத்தில் நவமணியின் கணவர் இறந்து, வீட்டைப் பூட்டிக்கொண்டு அவர்கள் எங்கோ போய்விட்டார்கள் என்று தெருவில் சொன்னார்கள்.

அதன்பிறகு அந்தக் குழந்தை குணாளன் வீட்டில்தான் வளர்ந்தது. மகள் முதல் பல் விழுந்து பொக்கைவாயோடு சிரித்தால், அதற்கும் விழுந்திருக்கும் என்று நினைத்துக்கொள்வார். மகள் தமிழ்ப்பள்ளியில் முதலாம் வகுப்புச் சேர்ந்த அன்று, சீருடையில் நின்ற பிள்ளைகளில் ஒன்று குறைவதாக அவருக்குத் தோன்றியது. பிறந்தநாள் கேக் வெட்டும்போது அவர் மட்டும் தள்ளி நிற்பார். சாந்தினி கேட்பாள். தலைவலி என்பார். வருடா வருடம் அதே நாளில் தலை வலிக்கிற புருஷனைப் பற்றி அவள் என்ன நினைத்தாளோ, அவளும் சொல்லவில்லை.

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை கைப்பேசியில் அன்றைய வேலைப் பட்டியல் வந்தது. மூன்றாவது முகவரியைப் பார்த்த குணாளன் வேன் கதவைப் பிடித்துக்கொண்டார்.

"என்ன குணா, பேயப் பாத்த மாதிரி நிக்கிற?" என்றார் ஸுல்கிஃப்லி.

"ஸுல், இந்த ஒரு வீட்ட நீ பண்ணிடேன். உனக்குப் புண்ணியமாப் போவும்."

ஸுல்கிஃப்லி எட்டிப் பார்த்தார். "எட்டுக்கால் பூச்சியா? விளையாடுறியா? நான் தொடமாட்டேன்னு உனக்குத் தெரியும் லா."

தெரியும். வேறு வழியில்லாமல் குணாளன்தான் போனார். சந்து மாறியிருந்தது. இரண்டு பக்கமும் வெள்ளைக்காரர்களுக்கான காப்பிக் கடைகள் வந்திருந்தன, சுவரில் பூனைப் படம் வரைந்திருந்தார்கள். அந்த வீடு மட்டும் அப்படியே இருந்தது. வாசல் நிலையிலிருந்து மின்சாரக் கம்பி வரை திரை கட்டியதுபோல வலை.

கதவைத் திறந்த பெண்ணுக்கு நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். ஒல்லி, காதோரம் நரை. கழுத்தில் புக்கிட் தெங்கா தொழிற்சாலை ஒன்றின் அடையாள அட்டை. "நாந்தாண்ணே போன் பண்ணினேன். காமினி," என்றாள். "நவமணின்னு, எங்க அம்மா வீடு. அம்மா தவறி நாலு மாசம் ஆச்சு. இனிமே இங்க வந்து இருக்கலாம்னு பாக்கறேன்."

"வீட்ல எத்தன பேரும்மா?"

"நான் ஒருத்திதான்."

"வேற யாரும்?"

"வேற யாருண்ணே இருக்கா? தங்கச்சி யாமினி மெல்பர்ன்ல இருக்கா. அவ வரமாட்டா."

காப்பிக் கடையில் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தவள் யாமினியாக இருக்க வேண்டும். அப்படியானால் இவள்? குணாளன் அந்தக் கணக்கை முடிக்கப் பயந்து டார்ச்சை அடித்தார். கூடம், மாடிப்படி, மாடி. வேலைதான் அவரைக் காப்பாற்றியது. "இதெல்லாம் வீட்டுப் பூச்சிதாம்மா, கடிக்கிற ஜாதி இல்ல," என்றார். "ஆளில்லாத வீட்ல ஈசல், கொசு சேரும், அதத் தின்ன இது வந்துரும்." காமினி கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு பின்னாலேயே வந்தாள். முட்டைப் பைகளைக் காட்டினார். இருபத்திரண்டு எண்ணினார். எண்ணிக்கொண்டே முற்றத்துக்கு வந்துவிட்டார்.

பலகை ஜன்னல் அதேதான். பக்கத்தில் கதவு. கதவுக்கு மேலே வலை பின்னிப் பின்னி அழுக்குத் துணி மாதிரித் தொங்கியது. பதினெட்டு வருடத்துக் கை தானாக எழுந்தது. வீட்டில் இருக்கும் ஒரே ஆள் முதுகுக்குப் பின்னால் நிற்கிறாள் என்பது தெரிந்தும் குணாளன் மூன்று முறை தட்டினார்.

"உள்ள யாராச்சும் இருக்கீங்களா?"

"இருக்கேன்," என்றது ஒரு குரல்.

டார்ச் கீழே விழுந்து உருண்டது. குரல் அறைக்குள்ளிருந்து வரவில்லை. பின்னாலிருந்து வந்தது. அவர் திரும்பினார். காமினியின் கைக்குட்டை தரையில் கிடந்தது. தான் பேசியதை அவளே நம்பாதவள்போல வாயைக் கையால் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அன்னைக்கு மருந்தடிக்க வந்தது நீங்கதானா?" என்றாள்.

எந்த அன்றைக்கு என்று கேட்டிருக்கலாம். ஆயிரம் வீட்டுக்குப் போகிறவன், எனக்கென்ன தெரியும் என்று சொல்லியிருக்கலாம். "நாந்தாம்மா," என்றார் குணாளன்.

அவள் சமையல்கட்டுப் படியில் உட்கார்ந்தாள். குணாளன் குனிந்து டார்ச்சை எடுத்தார். கேட்டுவிட வேண்டும், இப்போது கேட்காவிட்டால் இனி எப்போதும் இல்லை. "கொழந்தைக்கு என்னம்மா ஆச்சு?" என்றார்.

"எந்தக் கொழந்தை?"

"கொடியில துணி காஞ்சுது. சின்னச் சின்ன வெள்ளத் துணி. நான் பாத்தேன்."

"அது எனக்குண்ணே," என்றாள். "பால் கட்டிக்கிச்சு. நெஞ்சுக்குள்ள வெச்சுக்கற துணி. நனைஞ்சுபோற நனைஞ்சுபோற மாத்தணும். கொழந்தை ஆஸ்பத்திரியிலயே போயிருச்சு. நீங்க வந்தப்ப அது போயி எட்டு நாளு."

குணாளனுக்கு முதலில் வந்தது நிம்மதிதான். ஒரு தாய் தன் பிள்ளை செத்ததைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது ஒரு மனிதனுக்கு நிம்மதி வருமா? வந்தது. முதுகிலிருந்து மூட்டை இறங்கியதுபோல இருந்தது. பல் விழுந்த குழந்தையும் சீருடை போட்ட குழந்தையும் ஒரே நொடியில் இல்லாமல் போயின. அடுத்த நொடியே அந்த நிம்மதியை நினைத்து அவருக்கு உடம்பு கூசியது.

காமினி அவரைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துப் பேசினாள். தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்தவள். குழந்தை தங்கவில்லை என்றாலும் முப்பது நாள் முப்பது நாள்தான், வாசல் தாண்டக் கூடாது என்றார் நவமணி. நிச்சயதார்த்தம் இருக்கிற வீட்டில் சாவு நடந்தது மாப்பிள்ளை வீட்டுக் காதில் விழக் கூடாது என்பது இன்னொன்று. மருந்துக்காரன் வரும்போது போர்வையை இழுத்து மூடிக்கொண்டு சத்தம் போடாமல் படுத்துக்கொள் என்று சொல்லிவிட்டு மூன்று பேரும் கடைக்குப் போனார்கள்.

"நீங்க கேட்டீங்க. இருக்கேன்னு நான் சொன்னேன். அப்புறம் புகை வந்துச்சு. அன்னைக்கு ராத்திரி முழுக்க வாந்தி. மறுநாள் அம்மாகிட்ட சொன்னேன், நான் இருக்கேன்னு சொல்லியும் அந்த ஆளு அடிச்சாரும்மான்னு. அம்மா என்ன சொன்னாங்க தெரியுமா? நீ வாயே தொறக்கலடி, பிள்ள போன துக்கத்துல உனக்குப் புத்தி பெரண்டு போச்சுன்னாங்க."

நவமணியால் வேறு என்ன சொல்ல முடியும்? மகள் பேசினாள் என்று ஒப்புக்கொண்டால் தான் செய்ததற்கு ஒரு பெயர் வந்துவிடுமே. சொன்னதையே சொன்னார். யாமினியும் ஆமாம் போட்டாள். முப்பதாம் நாள் காமினியை அழைத்துப்போக வந்த புருஷன் வீட்டாரிடமும், பெண் கொஞ்சம் ஒரு மாதிரி இருக்கிறாள், நடக்காததை நடந்தது என்கிறாள், பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பினார். அவர்கள் பார்த்துக்கொண்டார்கள். டாக்டர், மாத்திரை, சாமியார், மறுபடி மாத்திரை. இரண்டு வருடத்தில் கிறுக்கோடு குடும்பம் நடத்த முடியாது என்று புருஷன் விலகிக்கொண்டான்.

"மாத்திரை தின்னு தின்னு எனக்கே தெரியல அண்ணே. சொன்னேனா, சொன்ன மாதிரி நெனச்சுக்கிட்டனா? அம்மா காரியத்தன்னைக்குப் பேச்செடுத்தேன். பழைய கிறுக்க ஆரம்பிக்காதக்கான்னு யாமினி போன வெச்சுட்டா." அவள் இப்போது அவரைப் பார்த்தாள். "ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். மறைக்காம சொல்லுங்க. அன்னைக்கு உங்களுக்கு ஏதாச்சும் கேட்டுச்சா?"

இல்லை என்றால் முடிந்தது. குழந்தையைக் கொன்ற பழி இப்போதுதான் கழன்று விழுந்திருக்கிறது. ரேடியோ என்று நினைத்தேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் அவர் சுத்தமாக வெளியே போய்விடலாம். பதினெட்டு வருடம் தனக்கே சொல்லிப் பழகிய பொய், வாயில் தயாராக இருந்தது. ஆள் இருப்பது தெரிந்தும் மருந்தடித்தேன் என்று ஒப்புக்கொண்டால் அவள் கம்பெனிக்குப் போகலாம், போலீஸுக்குப் போகலாம், லைசென்ஸ் போய்விடும். ஆனால் அந்தப் பெண் பிச்சைக்காரியைப் போல அவர் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தான் அழித்தது எந்த உயிரை என்று குணாளனுக்கு அப்போதுதான் புரிந்தது.

"கேட்டுச்சும்மா," என்றார்.

அவர் அதோடு நிறுத்தவில்லை.

"ரெண்டு தரம் கேட்டுச்சு. மொதத் தரம் இருக்கேன்னு சொன்னீங்க. நான் குழாய உள்ள விட்ட பிறகு, நான் உள்ள இருக்கேண்ணேன்னு சொன்னீங்க. தெளிவா கேட்டுச்சு. எனக்கு அடுத்த வீட்டுக்கு நேரமாச்சு. அதான் அமுக்கிட்டேன்." மூச்சு வாங்கிக்கொண்டார். "அம்மாகிட்ட கேட்டேன். சாமான் ரூம்னாங்க. சாமான் பேசாதுன்னு தெரிஞ்சும் கையெழுத்து வாங்கிக்கிட்டுப் போயிட்டேன்."

"ரெண்டு தரமா?" என்றாள் காமினி.

"ரெண்டு தரம்மா."

"நான் ஒரு தரம்னுதான் நெனச்சுக்கிட்டிருந்தேன்." அவள் முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது. குணாளனுக்கு அவள் காலில் விழ வேண்டும்போல இருந்தது. விழவில்லை. மன்னித்துவிடு என்று கேட்கவும் வாய் வரவில்லை. கேட்க அவருக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

அழுது முடித்தவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "உங்கள நான் மன்னிக்கல அண்ணே," என்றாள். "அத அப்புறமா பாத்துக்கலாம்." கைப்பையிலிருந்து போனை எடுத்து ஓர் எண்ணை அழுத்தி ஒலிபெருக்கியில் போட்டாள். மணி போய்க்கொண்டே இருந்தது. மெல்பர்னில் அப்போது மத்தியானமாக இருக்கும்.

"என்னக்கா, நான் வேலைல இருக்கேன்," என்றது யாமினியின் குரல்.

"போன வெக்காத. ஒருத்தர் பேசுவாரு, கேளு." காமினி போனை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். கை ஆடவே இல்லை. "சொல்லுங்கண்ணே. எனக்குச் சொன்னத அவளுக்கும் சொல்லுங்க."

"யாரு? யாரு பேசறது?" என்று கேட்டது போன்.

குணாளன் தன் பெயரைச் சொன்னார். கம்பெனிப் பெயரைச் சொன்னார். பதினெட்டு வருடத்துக்கு முன்னால் இந்த வீட்டுக்கு மருந்தடிக்க வந்தது தான்தான் என்று சொன்னார். யாமினி போனை வைக்கவில்லை. அவர் அடுத்த வார்த்தையைச் சொல்லத் தொடங்கினார்.